தாழ்வுப் பகுதி என்றால் மழை வந்தே ஆக வேண்டுமா?

கேள்வி இதுதான்: "வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகியிருக்கிறது, மழை பெய்யும் என்கிறார்கள். காற்றின் அழுத்தம் குறைந்தால் மழை ஏன் வர வேண்டும்? சில தாழ்வுகள் ஒரு தூறல்கூடப் போடாமல் போய்விடுகின்றனவே, ஏன்? என் போனில் காற்றழுத்தம் காட்டும் ஆப் இருக்கிறது. அதை வைத்து நானே மழையைக் கணிக்க முடியுமா?"

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். காற்றழுத்தம் நேரடியாக மழையைத் தருவதில்லை. அது காற்றை நகர்த்துகிறது, அவ்வளவுதான். நகரும் காற்று ஓரிடத்தில் வந்து கூடினால் மேலே ஏறுகிறது. ஏறும் காற்றில் ஈரம் இருந்தால் மேகம், மேகம் போதுமான அளவு வளர்ந்தால் மழை. நடுவில் ஏதாவது ஒன்று பிசகினால் தாழ்வு ஏமாற்றிவிடும். போனில் தெரியும் எண்ணைப் பொறுத்தவரை, 1008 என்ற எண்ணுக்குத் தனியாக ஒரு பொருளும் கிடையாது. நேற்று இதே நேரம் எவ்வளவு, பக்கத்து ஊரில் எவ்வளவு என்று தெரிந்தால்தான் அது பேசும்.

இனி விரிவாகப் பார்க்கலாம்.

காற்றழுத்தம் என்பது நம் தலைக்கு மேல் நிற்கும் காற்றின் எடை. ஒரு சதுர செ.மீ. பரப்பின் மேல், கடல் மட்டத்திலிருந்து வளிமண்டலத்தின் உச்சிவரை நிற்கும் காற்று சுமார் ஒரு கிலோ இருக்கும். ஒரு சதுர மீட்டர் மொட்டைமாடித் தரைக்கு 10 டன். ஏன் மாடி இடிந்து விழவில்லை என்றால், காற்று கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை. பக்கவாட்டிலும், கீழிருந்து மேலாகவும் அதே பலத்தோடு அழுத்துகிறது. மாடிக்குக் கீழே அறைக்குள் இருக்கும் காற்று அதே 10 டன்னை மேல்நோக்கித் தருகிறது. இரண்டும் கழிந்துவிடுவதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை.

தெரிகிற இடம் ஒன்று உண்டு. கிணற்றுப் பாசனம் செய்கிறவர்களுக்கு நன்றாகவே தெரியும். கிணற்றில் தண்ணீர் கீழே இறங்க இறங்க, மேட்டில் இருக்கும் மோட்டார் நீரை இழுக்காது. மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்கித் திட்டு கட்டி வைப்பார்கள். மோட்டாரில் கோளாறு எதுவும் இல்லை. பம்பு உண்மையில் நீரை இழுப்பதே இல்லை. குழாய்க்குள் காற்றை வெளியேற்றுகிறது, கிணற்று நீரின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வெளிக்காற்றுதான் நீரைக் குழாய்க்குள் மேலே தள்ளுகிறது. அந்த வெளிக்காற்றால் அதிகபட்சம் 10.3 மீட்டர் உயரத்துக்குத்தான் நீரைத் தள்ள முடியும். கசிவு, உராய்வு எல்லாம் போக நடைமுறையில் ஏழெட்டு மீட்டர். கிராமங்களில் போட்ட இந்தியா மார்க் 2 அடிபம்பு ஆழத்திலிருந்தும் நீர் தருவது, அதன் உருளை கீழே நீருக்குள்ளேயே இருந்துகொண்டு நீரை மேலே தூக்குவதால்தான்.

இந்தப் பத்து மீட்டர் எல்லை இத்தாலியில் கிணறு, சுரங்க வேலை செய்தவர்களையும் பாடாய்ப்படுத்தியது. அதை ஆராயப் போய்த்தான் 1643-ல் அறிவியலாளர் டாரிசெல்லியின் பாதரசக் குழாய் பிறந்தது. பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம் என்பதால் 10.3 மீட்டர் நீருக்குப் பதில் 76 செ.மீ. பாதரசம் போதும், மேசைமேல் வைத்துவிடலாம். அதுதான் காற்றழுத்தமானி. 1648-ல் பிரெஞ்சு அறிவியலாளர் பாஸ்கல் தன் மைத்துனர் பெரியேவிடம் கேட்டுக்கொண்டதன்படி, அவர் பிரான்ஸில் பூய் த தோம் என்ற மலைமேல் அந்தக் குழாயைக் கொண்டுபோய்ப் பார்த்தார். உச்சியில் பாதரசம் எட்டு செ.மீ. போல இறங்கியிருந்தது. மேலே போகப் போகத் தலைக்கு மேல் மிச்சமிருக்கும் காற்று குறைகிறது என்பது அன்றே முடிவாகிவிட்டது.

இன்று பாதரசத்தின் உயரத்தைச் சொல்வதில்லை, ஹெக்டோபாஸ்கல் என்கிறோம். பழைய பெயர் மில்லிபார், இரண்டும் ஒரே அளவு. கடல் மட்டத்தில் சராசரி 1013. தரைக்குப் பக்கத்தில் எட்டரை மீட்டர் ஏறினால் ஒன்று குறையும். உங்கள் போனில் உண்மையிலேயே அழுத்த உணரி இருந்தால் இதை இப்போதே சோதிக்கலாம். தரைத்தளத்தில் 1009.4 என்று காட்டுகிற போன், மூன்றாவது மாடிக்குப் போனதும் 1008.3-க்கு அருகில் வந்து நிற்கும். திரும்பிக் கீழே வந்தால் பழைய எண்.

இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் பஸ்ஸில் போகிறவர் சந்திக்கும் அழுத்தம் ஏறத்தாழ 975-லிருந்து 780-க்கு இறங்குகிறது. கிட்டத்தட்ட 200 ஹெக்டோபாஸ்கல், சில மணி நேரத்தில். காது அடைக்கும், சிப்ஸ் பாக்கெட் உப்பும், வேறொன்றும் நடக்காது. ஆனால் ஒரு கடும்புயலின் மையத்துக்கும் அதன் ஓரத்துக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 30 அல்லது 40 தான். அதாவது 300 மீட்டர் குன்று ஒன்றில் ஏறினால் கிடைக்கும் குறைவு. அதற்கே தென்னை மரங்கள் வேரோடு சாய்கின்றன.

காரணம் எளிது. மேலும் கீழுமாக உள்ள வித்தியாசத்தைப் புவியீர்ப்பு சரிக்கட்டிவிடுகிறது. கீழே அழுத்தம் அதிகம், அது காற்றை மேலே தள்ளப் பார்க்கிறது. காற்றின் எடை அதைக் கீழே இழுக்கிறது. இரண்டும் சமம், எனவே ஊட்டிக் காற்று ஊட்டியிலேயே இருக்கிறது. பக்கவாட்டில் அப்படித் தடுத்து நிறுத்த யாரும் இல்லை. கடல் மட்டத்தில் ஓரிடத்தில் 1008, நூறு கிலோமீட்டர் தள்ளி 985 என்றால், 1008 உள்ள இடத்திலிருந்து 985 உள்ள இடத்துக்குக் காற்று பாய்ந்தே தீரும். வானிலை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தச் சின்னச் சின்னப் பக்கவாட்டு வித்தியாசங்களின் வேலைதான்.

அதனால்தான் வானிலை வரைபடத்தில் எல்லா ஊர் அளவுகளையும் கடல் மட்டத்துக்கு மாற்றிப் போடுகிறார்கள். கோயம்புத்தூர் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே உணரி காட்டுவது 965-ஐ ஒட்டி இருக்கும். அப்படியே படத்தில் போட்டால் கோவையின் மேல் நிரந்தரமாகப் பெரும்புயல் நிற்பதுபோலத் தெரியும்.

சரி, காற்று உயர் அழுத்தத்திலிருந்து தாழ்வுக்குப் போகிறது. நேராகப் போனால் கதை ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும், பள்ளம் நிரம்பிவிடும். பூமி சுற்றுவதால் அது நேராகப் போவதில்லை. வட அரைக்கோளத்தில் நகரும் காற்று வலப்பக்கம் ஒதுங்குகிறது. எல்லாத் திசையிலிருந்தும் மையத்தை நோக்கி வரும் காற்று ஒவ்வொன்றும் கொஞ்சம் வலப்புறம் தவறிப் போனால், மொத்தத்தில் அது மையத்தை இடப்புறமாகச் சுற்ற ஆரம்பிக்கும். செயற்கைக்கோள் படத்தில் புயல் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்வது இதனால்தான். நிலநடுக்கோட்டில் இந்த ஒதுக்கம் பூஜ்யம். அதனால் அதை ஒட்டிய ஐந்து பாகைக்குள் புயல் பிறப்பது அரிது. அரிது, ஆனால் இல்லாமல் இல்லை: 2001 டிசம்பரில் வாமெய் என்ற புயல் சிங்கப்பூருக்குப் பக்கத்தில், ஒன்றரைப் பாகைக்குள்ளேயே உருவாகிக் காட்டியது.

கடலும் தரையும் உராய்ந்து காற்றின் வேகத்தைக் குறைப்பதால், அடிமட்டக் காற்று வெறுமனே சுற்றிக்கொண்டே இருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயும் வருகிறது. நான்கு பக்கமும் உள்ளே வந்தால் அது எங்கே போகும்? கீழே கடல் இருக்கிறது. மேலேதான் வழி. இந்த இடத்தில்தான் அழுத்தம் மழையாக மாறத் தொடங்குகிறது.

ஏறும் காற்றைச் சுற்றியுள்ள அழுத்தம் குறைவதால் அது விரிகிறது. விரிவதற்குச் செலவழிக்கும் ஆற்றலைத் தன் சூட்டிலிருந்தே எடுக்கிறது. ஒரு கிலோமீட்டர் ஏறினால் பத்து டிகிரி போலக் குளிர்கிறது. குளிர்ந்த காற்றில் நீராவி அதிகம் தங்காது, துளியாகிறது. மேகத்தின் அடிப்பகுதி கத்தியால் சீவியதுபோலத் தட்டையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்த உயரத்தில்தான் துளியாவது தொடங்குகிறது. துளியானதும் அது ஆவியாவதற்காக வாங்கிய வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. இட்லிக் கொப்பரையைத் திறக்கும்போது ஆவி பட்ட கை வெந்நீர் பட்டதைவிட மோசமாகச் சுடுவது இதே வெப்பத்தால்தான். ஒரு கிலோ நீராவி துளியானால் சுமார் 25 லட்சம் ஜூல் வெளியே வரும். அது சுற்றியுள்ள காற்றைச் சூடாக்க, சூடான காற்று இன்னும் வேகமாக ஏறுகிறது.

உயர் அழுத்தத்தில் நடப்பது இதன் தலைகீழ். மேலிருந்து காற்று இறங்கும், இறங்கும்போது நசுங்கிச் சூடாகும், இருக்கிற மேகமும் கரைந்துவிடும். தை மாசி மாதங்களில் வானம் துடைத்துவிட்டதுபோல இருப்பது பெரும்பாலும் இதனால்.

இங்கே கவனமுள்ள வாசகர் ஒரு குறுக்குக் கேள்வி கேட்பார். காற்று உள்ளே வந்துகொண்டே இருந்தால் மையத்தில் காற்று கூடும், எடை கூடும், அழுத்தம் ஏற வேண்டுமே? தாழ்வு எப்படித் தீவிரமடைகிறது? பள்ளிப் பாடம் இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை. எனக்கு இந்த விஷயத்திலேயே சுவையான பகுதி இதுதான்.

பதில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழை மேகங்கள் கொட்டிய வெப்பத்தால் நடுவில் உள்ள காற்றுத் தூண் முழுவதும் சூடாகி உப்புகிறது. உப்பியதால் அதன் உச்சியில் அழுத்தம் சுற்றுப்புறத்தைவிட அதிகமாகிறது, அங்கிருந்து காற்று வெளிப்பக்கமாக வழிந்து ஓடுகிறது. கீழே உள்ளே வருவதைவிட மேலே வெளியே போவது கொஞ்சம் அதிகமாக இருந்தால் தூணின் மொத்த எடை குறையும், தரையில் அழுத்தம் இன்னும் இறங்கும். இறங்கினால் உள்ளே வரும் காற்றின் வேகம் கூடும், அதோடு கடலிலிருந்து ஈரமும் கூடும், மழை கூடும், வெப்பம் கூடும். ஒன்றை ஒன்று ஊட்டி வளர்க்கும் இந்தச் சுற்று ஓடத் தொடங்கிவிட்டால்தான் தாழ்வுப் பகுதி புயலாகிறது.

அது ஓட இரண்டு நிபந்தனைகளாவது வேண்டும். கடல் நீர் 26.5 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், அதுவும் மேல்தோலில் மட்டும் இல்லாமல் ஓரளவு ஆழம்வரை. வங்கக்கடலில் இதற்குப் பெரும்பாலும் பஞ்சமில்லை. அடுத்தது, கீழ்க்காற்றும் மேல்காற்றும் வெவ்வேறு திசையில், வெவ்வேறு வேகத்தில் அடிக்கக் கூடாது. அப்படி அடித்தால் சூடான தூண் சாய்ந்துவிடும், வெப்பம் ஒரு பக்கம், மையம் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். நவம்பர் டிசம்பரில் "புயலாக மாறும்" என்று எதிர்பார்த்தது கடலிலேயே வலுவிழந்து போவதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டாவது விஷயம்தான் காரணம்.

வானிலை அறிக்கையில் வரும் பெயர்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்திய வானிலை ஆய்வுத் துறை இவற்றை முக்கியமாகக் காற்றின் வேகத்தை வைத்துப் பிரிக்கிறது. மணிக்கு 31 கி.மீ.க்குள் இருந்தால் தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால் புயல், பெயர் வைப்பார்கள். அதற்கு மேல் தீவிரப் புயல், அதிதீவிரப் புயல் என்று போகும். இந்தப் பட்டியலில் மழை என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஊடகங்களோ "தாழ்வுப் பகுதிதானே" என்று ஆறுதலும் "புயலாக மாறியது" என்று பதற்றமும் மழைக்காகவே காட்டுகின்றன. இது எனக்கு நெடுநாள் குறை.

2015 டிசம்பர் 1-ம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று சென்னையின் மேல் எந்தப் புயலும் இல்லை, பெயர் வைக்கும் அளவுக்கு எதுவும் இல்லை. ஒரு தாழ்வுப் பகுதி, அதைச் சார்ந்த காற்றோட்டம், அவ்வளவுதான். மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. கடலிலிருந்து ஈரக்காற்று நிற்காமல் வந்தது, ஒரே இடத்தில் குவிந்து ஏறியது, இடத்தைவிட்டு நகரவில்லை. அழுத்தம் என்னவோ பக்கத்து இடங்களைவிடச் சில ஹெக்டோபாஸ்கல் குறைவு, அதற்கு மேல் இல்லை.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் இன்னொரு பாடம். கரையேறிய பிறகு மணிக்கணக்கில் அசையாமல் நின்றது. புதுச்சேரியிலும் மயிலத்திலும் 50 செ.மீ.யை ஒட்டி மழை. பிறகு வலுவிழந்தது, புயல் என்ற பெயரையே இழந்தது. அப்படி வலுவிழந்த நிலையில் உள்ளே நகர்ந்தபோதுதான் கடலைப் பார்க்காத கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. "வலுவிழந்தது" என்றால் காற்று குறைந்தது என்று பொருள். மழை குறைந்தது என்று யாரும் சொல்லவில்லை.

எதிர்ப்பக்கம், அழுத்தம் நன்றாகக் குறைந்தும் மழை இல்லாத நிலை. ஜூன் மாதம் தார் பாலைவனத்தின் மேல் கடல் மட்ட அழுத்தம் 995-ஐ ஒட்டி இருக்கும், நம் பக்கத்துத் தாழ்வுப் பகுதிகள் பலவற்றைவிடக் குறைவு. வெயிலில் வெந்த தரை காற்றைச் சூடாக்கி லேசாக்கியதால் வந்த தாழ்வு அது. ஆனால் ஈரம் இல்லை. போதாக்குறைக்கு அந்தச் சூடான காற்று கொஞ்ச உயரத்துக்கு மேல் ஏற முடியாதபடி மேலிருந்து காற்று இறங்கிக்கொண்டிருக்கிறது. மேகமே வராது, புழுதிதான். ஆனால் அந்த வறண்ட தாழ்வுதான், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே மஸ்கரீன் தீவுகள் பக்கம் உள்ள உயர் அழுத்தத்தோடு சேர்ந்து, தென்மேற்குப் பருவக்காற்றை இந்தியாவுக்குள் இழுக்கிறது. தான் நனையாமல் கேரளத்தை நனைக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறி மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்கும் காற்று நமக்கு வரும்போது சூடும் வறட்சியும்தான் மிச்சம்.

நமக்கு முறை வருவது அக்டோபரில். சூரியன் தெற்கே போக, அழுத்தம் தாழ்ந்த பட்டையும் தெற்கே இறங்கி வங்கக்கடலுக்கு வருகிறது, வடக்கே நிலம் குளிர்ந்து அழுத்தம் ஏறுகிறது. காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து கடல் தாண்டி ஈரத்தோடு வருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டுக்கு வரும் சுமார் 44 செ.மீ., ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி.

புயல் வந்தும் மழை தராமல், இருக்கிற ஈரத்தையும் பறித்துக்கொண்டு போவதும் உண்டு. 2019 ஏப்ரல் கடைசியில் ஃபானி வரும் என்று வறண்டு கிடந்த சென்னை காத்திருந்தது. அது கடலிலேயே வடக்கே திரும்பி மே 3 அன்று ஒடிசாவில் பூரி அருகே கரையைக் கடந்தது. சுழலும் திசையை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் காரணம் புரிந்துவிடும். சென்னைக்கு நேர் கிழக்கே தாழ்வு இருக்கும்போது இங்கே காற்று வடக்கிலிருந்து வரும். அது வடகிழக்கே போனதும் காற்று வடமேற்காகவும், பிறகு மேற்காகவும் மாறும். ராயலசீமா, வேலூர்ப் பக்கத்துச் சுட்ட நிலத்தைத் தாண்டி வரும் வறண்ட காற்று அது. மதியம் வர வேண்டிய கடற்காற்றையும் தடுத்துவிடும். அதனால்தான் மே மாதம் ஒரு புயல் ஆந்திரா, ஒடிசா பக்கம் போனால் சென்னையில் வெயில் கொளுத்துகிறது.

அதே கணக்கில், புயல் புதுச்சேரியில் கரையேறினால் அதற்கு வடக்கே உள்ள சென்னைக்குக் கடலிலிருந்து காற்று வரும், மழை உண்டு. நெல்லூரில் ஏறினால் சென்னைக்குத் தரைக்காற்று. பொதுவாகச் சரியாக வரும் விதிதான், ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் இதை மதிக்கவில்லை. அது கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. அதற்கு முன் டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னைக்கு மிக அருகே கடலில் ஊர்ந்துகொண்டே போனது, மையத்தை ஒட்டிய அடர்ந்த மழை மேகங்கள் ஊரின் மேலேயே கிடந்தன. எவ்வளவு அருகில், எவ்வளவு மெதுவாக என்ற இரண்டும் மற்ற விதிகளை எல்லாம் அடித்துவிடும்.

மையம் தலைக்கு மேலேயே போனால் என்ன ஆகும் என்பது 2016 டிசம்பர் 12-ல் வர்தா வந்த அன்று சென்னையில் இருந்தவர்களுக்குத் தெரியும். காலையிலிருந்து வடக்குப் பக்கத்திலிருந்து அடித்து நொறுக்கிய காற்று மாலை நேரத்தில் சட்டென்று அடங்கியது. முடிந்துவிட்டது என்று சிலர் வெளியே வந்து விழுந்த மரங்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மறுபடி ஆரம்பித்தது. மையத்தில் அழுத்தம் மிகக் குறைவுதான், ஆனால் அங்கே பக்கத்துக்குப் பக்கம் வித்தியாசம் இல்லை, அதனால் காற்றும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் வித்தியாசம் மிக அதிகமாக இருக்கும் இடம் மையத்தைச் சுற்றியுள்ள வளையம்.

கடல் பொங்குவதற்கும் அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பைப் பலர் மிகைப்படுத்துகிறார்கள். அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் மட்டம் ஒரு செ.மீ. உயரும். 50 குறைந்தால் அரை மீட்டர். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை விழுங்கியதுபோன்ற அலைகளுக்கு இது போதாது. அங்கே பெரிய வேலையைச் செய்வது, ஆழமில்லாத கடலில் நீரைக் கரைநோக்கித் தள்ளிக் குவிக்கும் காற்று.

இப்போது உங்கள் போன். முதலில், அந்த ஆப் காட்டுவது போனின் சொந்த உணரி சொல்வதா, இணையத்திலிருந்து எடுத்ததா என்று பாருங்கள். மாடிப்படி ஏறினால் எண் மாறவில்லை என்றால் இணையத்திலிருந்து வருகிறது. அதனால் பெரிய பயன் இல்லை.

உணரிதான் என்றால் அடுத்த பொறி காத்திருக்கிறது. காலை பத்து மணிக்குப் பார்க்கிறீர்கள், 1011. மாலை நான்கு மணிக்கு 1007.5. ஐயோ, அழுத்தம் சரிகிறதே என்று மழைக்கோட்டை எடுக்க வேண்டாம். நம் அட்சரேகையில் இது தினமும் நடப்பது. சூரிய வெப்பத்தால் வளிமண்டலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம் உண்டு. காலை பத்து, இரவு பத்தை ஒட்டி உச்சம். மாலை நான்கு, அதிகாலை நான்கை ஒட்டி அடி. சென்னையில் பகல் இறக்கம் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் இருக்கும். ஒரு சாதாரணத் தாழ்வுப் பகுதி கொண்டுவரும் குறைவை இது அப்படியே மூடிமறைத்துவிடும். ஐரோப்பாவில் இந்த ஏற்ற இறக்கம் சின்னது, வானிலை மாற்றங்கள் பெரியது. அதனால் "மூன்று மணி நேரத்தில் இவ்வளவு இறங்கினால் புயல்" என்ற அவர்கள் விதியை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

பழைய பொருள் கடைகளில் பித்தளை வளையமும் முள்ளும் வைத்த லண்டன் தயாரிப்புக் காற்றழுத்தமானிகள் கிடைக்கும். முகப்பில் 29 அங்குலத்துக்கு நேரே 'மழை', 29.5-க்கு 'மாற்றம்', 30-க்கு 'நல்ல வானிலை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அழகுக்கு வாங்கி மாட்டலாம். சென்னையில் மே மாத அழுத்தம் சுமார் 1004, அதாவது 29.65 அங்குலம். டிசம்பரில் சுமார் 1012, 29.9 அங்குலம். ஆக, கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கும்போது முள் 'மாற்றம்' பக்கம் நிற்கும், கார்த்திகை மார்கழி அடைமழையில் 'நல்ல வானிலை' பக்கம் சாயும்.

இங்கே செய்ய வேண்டியது, நேற்று இதே நேரத்து அளவோடு ஒப்பிடுவது. போன் அதே இடத்தில், அதே தளத்தில் இருக்க வேண்டும். 24 மணி நேரத்தில் ஒன்று இரண்டு மாறுவது சகஜம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மூன்றுக்கு மேல் இறங்கி, மறுநாளும் இறங்கினால் கடலில் எதுவோ நெருங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். புயல் ஐம்பது அறுபது கிலோமீட்டருக்குள் வந்துவிட்டால் நாள் கணக்கெல்லாம் தேவையில்லை, மணிக்கு மணி இறங்குவது தினசரி ஏற்ற இறக்கத்தையே விழுங்கிவிடும்.

அதோடு காற்றின் திசையையும் சேர்த்துப் பார்த்தால் அரைகுறைக் கணிப்பு ஒன்று கையில் கிடைக்கும். 1857-ல் டச்சுக்காரர் பைஸ் பாலட் சொன்ன விதி இது: வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வு உங்கள் இடப்பக்கம் இருக்கும். தரையில் உராய்வு இருப்பதால் இடக்கைக்குக் கொஞ்சம் முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொட்டைமாடியில் நின்று பாருங்கள், கட்டடங்களுக்கு நடுவே தெருவில் அடிக்கும் காற்று திசையை ஏமாற்றும். இன்னும் நல்லது, தாழ்வாக ஓடும் மேகங்களின் திசையைப் பார்ப்பது. சென்னையில் நவம்பர் மாதம் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது, அழுத்தமும் நேற்றைவிட இறங்குகிறது என்றால் தாழ்வு தென்கிழக்கில் இருக்கிறது, வந்துகொண்டிருக்கிறது. காற்று வடமேற்குக்குத் திரும்பிவிட்டது, அழுத்தம் ஏறத் தொடங்குகிறது என்றால் அது வடக்கே நழுவிவிட்டது, துணி காயப்போடலாம். வடகிழக்குக் காற்று நிற்காமல் வந்துகொண்டிருக்க, அழுத்தம் இறங்கவும் இல்லை ஏறவும் இல்லை என்றால்தான் எனக்குக் கவலை அதிகம். அது நகராமல் நிற்கும் தாழ்வாக இருக்கக்கூடும். அப்போது போனை வைத்துவிட்டு, வானிலை மையத்தின் ரேடார் படத்தையும் ஏரிகளின் நீர்மட்டத்தையும் பாருங்கள்.